இரண்டாம் வரைவு: மாணவர் எழுத்தும் இயந்திரம் தரும் பின்னூட்டமும்

(பள்ளித் தமிழாசிரியர் ஒருவரின் நினைவாக அவருடைய மாணவர்கள் நிறுவிய அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கிச் செப்பம் செய்யப்பட்டது.)



இங்கே பேச ஒப்புக்கொண்ட சில நாள்களில், அறக்கட்டளையின் நிறுவனர்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து பழைய கட்டுரை ஏடு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர் ஒன்பதாம் வகுப்பில் எழுதியது. தலைப்பு ‘எங்கள் ஊர்த் தேர்த் திருவிழா’. மக்கள் வெள்ளம் அலைமோதியது, தேர் ஆடி அசைந்து வந்தது, அது கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். நாம் எல்லோரும் அந்த வயதில் அப்படித்தான் எழுதினோம். அவருடைய தமிழாசிரியர், நாம் இன்று நினைவுகூரும் ஐயா, அந்த வரிகளை அடிக்கவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார்: “தேர் எந்த முக்கில் நின்றது? நீ அப்போது எங்கே இருந்தாய்?”

பக்கத்தைத் திருப்பினால் அதே கட்டுரை மறுபடியும் இருக்கிறது. இந்த முறை தேர் கீழவீதி முக்கில் திரும்ப முடியாமல் நிற்கிறது. முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்துக்கு அடியில் குனிகிறார். பையன் பூட்டிய கடையின் திண்ணையில் ஏறித் தம்பியின் கையை இறுகப் பிடித்திருக்கிறான். அவ்வளவு பெரிய கூட்டம் சத்தமில்லாமல் ஆகிவிட்டது. முதல் கட்டுரையில் பாதி நீளம்தான். ஆனால் படித்து முடித்ததும் அந்த முக்கு எனக்குத் தெரிந்துவிட்டது.

இன்று நான் சொல்ல வந்த கருத்து ஒன்றுதான். அது அந்த இரண்டு பக்கங்களுக்கு இடையில் இருக்கிறது. பின்னூட்டத்தின் மதிப்பை அதை எழுதியவரின் அறிவைக் கொண்டு அளக்க முடியாது. அதைப் படித்த மாணவர் தம் கையால் அடுத்து என்ன எழுதினார் என்பதைக் கொண்டுதான் அளக்க முடியும். இரண்டாம் வரைவு இல்லாத இடத்தில் பின்னூட்டம் தருவது ஆசிரியரானாலும் செயற்கை நுண்ணறிவானாலும் பயன் ஒன்றுதான், ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்த வரைவை மாணவருக்குப் பதிலாக இயந்திரமே எழுதிவிட்டால் பயனில்லை என்பதோடு நிற்காது, தீங்கும் உண்டு. இதை ஐந்து கூறுகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1

முதலில் கணக்கு. மூன்று பிரிவுகளுக்குத் தமிழ் எடுக்கும் ஓர் ஆசிரியரை எண்ணிக்கொள்ளுங்கள். பிரிவுக்கு 40 பேர் என்றால் 120 ஏடுகள். ஓர் ஏட்டைப் படித்து, யோசித்து, உருப்படியாக இரண்டு வரி எழுதப் பத்து நிமிடம் ஆகும். ஆக 1200 நிமிடம், 20 மணி நேரம். இது ஒரே ஒரு கட்டுரைக்கு. அந்த ஆசிரியருக்கு இலக்கணமும் செய்யுளும் இருக்கின்றன, தேர்வுத்தாள் திருத்தம் இருக்கிறது, பதிவேடுகள் இருக்கின்றன, வீடும் இருக்கிறது. ஆகவே ஏட்டில் ஒரு சரிக்குறி விழுகிறது, கீழே ஒரு கையொப்பமும் தேதியும். இதற்காக நான் எந்த ஆசிரியரையும் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படிக் கையொப்பம் இட்டவன்.

இந்தக் கணக்கு நமக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியராக இருந்து பின்னர்ப் பேராசிரியரான எல்லிஸ் பேஜ் என்பவரை இதே சுமைதான் கணினியிடம் அனுப்பியது. கட்டுரைகளுக்குக் கணினி மதிப்பெண் போடும் காலம் நெருங்கிவிட்டது என்று அவர் எழுதிய ஆண்டு 1966. அவருடைய நிரல் கட்டுரையின் பொருளைப் படிக்கவில்லை. கட்டுரையின் நீளம், சொற்களின் சராசரி நீளம், காற்புள்ளிகளின் எண்ணிக்கை போன்ற புற அடையாளங்களை எண்ணி, ஆசிரியர் போட்டிருக்கக்கூடிய மதிப்பெண்ணைக் கணித்தது. 1999இல் அமெரிக்க மேலாண்மைப் படிப்புகளுக்கான ஜிமேட் நுழைவுத் தேர்வில் கட்டுரை மதிப்பிடும் பணி இத்தகைய நிரல் ஒன்றுக்கும் தரப்பட்டது. 2014இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த லெஸ் பெரல்மன் மாணவர்கள் சிலருடன் சேர்ந்து ‘பேபெல்’ என்றொரு நிரலை உருவாக்கினார். இரண்டு மூன்று சொற்களைக் கொடுத்தால் இலக்கணம் பிசகாத, பொருளே இல்லாத கட்டுரையை அது நொடியில் எழுதித் தரும். மதிப்பிடும் நிரல்கள் அதற்கு உயர்ந்த மதிப்பெண் கொடுத்தன.

மதிப்பெண் போடும் இயந்திரத்தைப் பற்றி இதற்கு மேல் பேசப்போவதில்லை. மதிப்பிடுவது ஒரு வேலை, எழுதக் கற்றுக்கொடுப்பது வேறு வேலை. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று பொதுமக்களுக்கு வந்த பிறகுதான் இரண்டாவது வேலையையும் இயந்திரத்திடம் கேட்கலாமா என்ற கேள்வி நம் வகுப்பறை வாசலுக்கு வந்தது.

2

பின்னூட்டம் என்றாலே நல்லது என்று நாம் நம்பிவிடுகிறோம். ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. குளூகர், டெனிசி என்ற இருவர் பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டி 1996இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் செயல்திறனைக் கூட்டியது உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. செய்யும் வேலையிலிருந்து கவனம் விலகி, ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற எண்ணத்தின் பக்கம் திரும்பும்போது பின்னூட்டம் கெடுதியாகிறது என்பது அவர்கள் கண்ட விளக்கம். “நீ கெட்டிக்காரி” என்பதும் “உனக்குத் தமிழே வராது” என்பதும் இந்த வகையில் ஒரே இனம். இரண்டிலும் கட்டுரை காணாமல் போகிறது.

ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமாக நம்மைத் தொடும். இஸ்ரேலில் 5, 6ஆம் வகுப்பு மாணவர்களை மூன்றாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் கருத்துரை மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். கருத்துரை மட்டும் பெற்றவர்களே ஆர்வத்திலும் திறனிலும் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களின் நிலை, மதிப்பெண் மட்டும் பெற்றவர்களின் நிலையை ஒட்டியே இருந்தது. மதிப்பெண்ணைப் பார்த்ததும் கருத்துரை கண்ணில் படவில்லை என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் குறிப்புகளைக் கொண்டு எழுதும் கட்டுரைக்கு எட்டு மதிப்பெண். ஆண்டு முழுவதும் ஏட்டிலும் எட்டுக்கு ஐந்து, எட்டுக்கு ஆறு என்றே போடுகிறோம். பிள்ளைகள் அந்த எண்ணைப் பார்த்து ஏட்டை மூடிவிடுகிறார்கள். அந்த ஏட்டில் மீண்டும் எழுத ஒரு பக்கமும் நாம் விடவில்லை. பிறகு அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இன்னொரு பழைய ஆய்வு என்னைத் தலைகுனிய வைத்தது. நான்சி சாமர்ஸ் 1982இல் எழுதியது. நியூயார்க், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்களில் 35 ஆசிரியர்கள் மாணவர் கட்டுரைகளில் எழுதிய குறிப்புகளை அவரும் அவருடைய துணையாய்வாளர்களும் பார்த்தார்கள். பெரும்பாலான குறிப்புகளை எந்தக் கட்டுரையின் ஓரத்தில் வேண்டுமானாலும் ஒட்டலாம் போலிருந்தது: ‘தெளிவாக எழுது’, ‘விரித்து எழுது’. ஒரே பத்தியில் எழுத்துப்பிழையைத் திருத்தச் சொல்லிவிட்டு, அந்தப் பத்தியையே மாற்றி எழுதவும் சொல்லியிருந்தார்கள். நீக்கப்போகும் வாக்கியத்துக்கு எதற்குப் புள்ளி திருத்துவது என்று மாணவருக்குத் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே வகைக் கட்டுரை ஒன்றை பெல் ஆய்வகம் உருவாக்கிய ‘ரைட்டர்ஸ் வொர்க்பெஞ்ச்’ என்ற நிரலுக்கும் கொடுத்தார்கள். கணினியின் மொழி அமைதியாகவும் பண்பாகவும் இருந்தது. ஆசிரியர்களின் மொழியில் எரிச்சலும் கடுமையும் இருந்தன.

சாட்ஜிபிடிக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டது இது. நூற்று இருபதாவது ஏட்டிலும் இயந்திரத்தின் குரல் உயராது. வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளை அதனிடம் ஒரே சந்தேகத்தை ஏழு முறை கேட்கலாம். இந்தப் பொறுமையை நான் உண்மையாகவே மதிக்கிறேன். பின்னூட்டம் கட்டுரை எழுதிய மறுநாளே கிடைப்பதும் பெரிய காரியம். மூன்று வாரம் கழித்து ஏடு திரும்பி வரும்போது தான் என்ன எழுதினோம் என்பதே பிள்ளைக்கு மறந்திருக்கும்.

3

சரி, சாட்ஜிபிடி போன்ற இன்றைய மொழி மாதிரிகள் தரும் பின்னூட்டம் எப்படி இருக்கிறது? 2024இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

ஒன்று கலிபோர்னியாவில் நடந்தது. உயர்நிலை மாணவர்கள் வரலாற்றுச் சான்றுகளைப் படித்து எழுதிய வாதக் கட்டுரைகள். அதே கட்டுரைகளுக்குப் பயிற்சி பெற்ற மனிதர்கள் எழுதிய 200 பின்னூட்டங்களையும் சாட்ஜிபிடி எழுதிய 200 பின்னூட்டங்களையும் ஐந்து அளவுகோல்களில் ஒப்பிட்டார்கள். வகுத்த அளவுகோல்களைச் சுட்டி எழுதுவதில் மட்டும் இயந்திரம் முன்னே நின்றது. துல்லியம், எப்படித் திருத்துவது என்ற தெளிவு, முக்கியமானதை முதலில் சொல்லுதல், பரிவான தொனி ஆகிய நான்கிலும் மனிதர்களே மேல். ஆனால் இடைவெளி பெரிதாக இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அங்கே ஒப்பிடப்பட்டவர்கள் பயிற்சியும் நேரமும் கொடுக்கப்பட்டவர்கள். இரவு பதினொரு மணிக்கு எண்பதாவது ஏட்டைப் புரட்டும் நம் ஆசிரியரை அவர்கள் ஒப்பிடவில்லை.

மற்றொன்று ஜெர்மனியில். ஆங்கிலத்தை அயல்மொழியாகப் படிக்கும் 459 மேல்நிலை மாணவர்கள் வாதக் கட்டுரை எழுதினார்கள். பாதிப் பேருக்கு இயந்திரப் பின்னூட்டம் கிடைத்தது. மற்றவர்கள் எந்தப் பின்னூட்டமும் இல்லாமல் தம் கட்டுரையைத் திருத்தினார்கள். பின்னூட்டம் பெற்றவர்களின் திருத்திய கட்டுரை மேம்பட்டிருந்தது. எழுதும் ஊக்கமும் கூடியிருந்தது. முன்னேற்றத்தின் அளவு சிறியதுதான். அதைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது, அந்த ஆய்வின் அமைப்பு: எல்லா மாணவரும் இரண்டாம் வரைவு எழுதினார்கள். பின்னூட்டத்துக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது.

மூன்றாவது ஆய்வு எழுத்தைப் பற்றியதே இல்லை, கணிதத்தைப் பற்றியது. ஆனாலும் அதைச் சொல்லாமல் போனால் நான் உங்களுக்கு முழு உண்மையையும் சொன்னவன் ஆக மாட்டேன். துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலை மாணவர்கள். ஒரு குழுவுக்குக் கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் இயந்திரம். இன்னொரு குழுவுக்கு, ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்த குறிப்புகளின்படி விடையைச் சொல்லாமல் வழி மட்டும் காட்டும் இயந்திரம். பயிற்சியின்போது, இயந்திரம் இல்லாத மூன்றாவது குழுவைவிட முதல் குழு 48 விழுக்காடும் இரண்டாவது குழு 127 விழுக்காடும் கூடுதலாகச் செய்தன. பிறகு இயந்திரத்தை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். விடை பெற்றுப் பழகிய குழு, இயந்திரத்தையே பார்க்காத மாணவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கியது. வழி மட்டும் பெற்ற குழு பின்தங்கவில்லை; முந்தவும் இல்லை.

127 விழுக்காடு என்ற எண்ணை மட்டும் வைத்து விளம்பரம் எழுதிவிடலாம். தேர்வு நாளைப் பார்க்கும்வரை அது வெற்றியாகத்தான் தெரியும். எழுத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். கணிதத்தில் விடை வேறு, வழி வேறு என்று பிள்ளைக்குத் தெரியும். கட்டுரையில் ‘இதைக் கொஞ்சம் நன்றாக எழுதிக் கொடு’ என்று கேட்டு வாங்கியதைத் தன் கட்டுரை திருந்திவிட்டது என்றே பிள்ளை நம்பும். அந்தப் பக்கத்தில் அதன் பெயர் இருக்கும், அது பட்ட பாடு இருக்காது.

4

இதுவரை சொன்ன ஆய்வுகளில் எழுத்தைப் பற்றியவை ஆங்கிலத்தை வைத்தே நடந்தவை. தமிழுக்கு வருவோம். இங்கேதான் நான் சற்று நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தேர்த் திருவிழாக் கட்டுரையின் முதல் பக்கத்தைத் தட்டச்சு செய்து ஒரு மொழி மாதிரிக்குக் கொடுத்து, “இந்த ஒன்பதாம் வகுப்பு மாணவர் தம் கட்டுரையை மேம்படுத்த உதவு” என்று கேட்டேன். அது கட்டுரையை மாற்றி எழுதியே கொடுத்துவிட்டது. ‘மக்கள் வெள்ளம்’ அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் ‘கரைபுரண்டோடும்’ சேர்ந்திருந்தது. முடிவுரையில் பண்பாட்டைப் போற்றிப் பாதுகாப்போம் என்று ஒரு பத்தி வந்தது. அதில் பிழை என்று எதையும் சுட்ட முடியாது. ஐயா கேட்ட கேள்விக்கு நேர் எதிர்த் திசையில் அது பிள்ளையை அழைத்துப் போனது, அவ்வளவுதான்.

ஏன் அப்படி? இந்த இயந்திரங்கள் ஏராளமான எழுத்தைப் படித்து, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழகியவை. ‘மக்கள்’ என்றால் ‘வெள்ளம்’, ‘இயற்கை’ என்றால் ‘எழில் கொஞ்சும்’. அதிகம் பேர் எழுதியதே அவற்றுக்கு இயல்பான எழுத்து. இணையத்தில் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் மிகக் குறைவு. இருக்கும் தமிழிலும் செய்தி நடையும் மேடை நடையுமே மிகுதி என்பது என் கணிப்பு. ஒரு பதின்மூன்று வயதுப் பெண் தன் பாட்டியின் ஆட்டுக்கிடையைப் பற்றி எழுதிய தமிழ் அங்கே எவ்வளவு இருக்கும்?

சிவகங்கைப் பக்கத்து மாணவி ஒருத்தி ‘கம்மாய் நெறஞ்சா எங்க ஊருக்குத் தீவாளி’ என்று கட்டுரையைத் தொடங்கியிருந்தாள். இயந்திரம் அதை ‘ஏரி நிரம்பினால் எங்கள் ஊருக்குத் தீபாவளி’ என்று திருத்தியது. எழுத்து வழக்குக்கு மாற்றியது ஒரு வகையில் சரிதான். பள்ளிக் கட்டுரையில் அதை நாமும் சொல்லித் தருகிறோம். ஆனால் கம்மாய் ஏரி ஆனதில் என்ன நியாயம்? கம்மாய் அல்லது கண்மாய் என்பது அந்த மண்ணின் நீர்நிலைக்கு உரிய பெயர். மடையும் கலுங்கும் உடையது, மழையை நம்பியது, ஊரே கூடிக் காத்தது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அந்த ஊர் போய்விடும். கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தவர். அந்த உழைப்பின் மறுபக்கம் இது: எந்த அகராதியும் தொகுக்கப்படாத ஊர்ச்சொற்கள் ஒன்பதாம் வகுப்பு ஏட்டிலேயே அழிந்துபோகலாம். அவளிடம் எதைச் சொல்ல வேண்டும்? ‘நெறஞ்சா’ என்பதை ‘நிறைந்தால்’ என்று மாற்று, ‘கம்மாய்’ என்பதைத் தொடாதே என்று. இந்த இரண்டையும் பிரித்தறியும் காது அந்த ஊரை அறிந்த ஆசிரியருக்கு இருக்கிறது.

அடுத்தது ஒற்று. ‘குளத்துக்கு போனேன்’ என்று எழுதினால் ‘குளத்துக்குப் போனேன்’ என்று இயந்திரம் சரியாகவே திருத்துகிறது. நான்காம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும் என்று காரணமும் சொல்கிறது. அதே மூச்சில் ‘வளர்பிறை’ என்பதை ‘வளர்ப்பிறை’ ஆக்கி, அதற்கும் இலக்கணக் காரணம் சொன்னதை என் கண்ணால் பார்த்தேன். வளர்பிறை வினைத்தொகை, அங்கே வல்லினம் மிகாது. தவறை அது சொன்ன தோரணையும் சரியானதைச் சொன்ன தோரணையும் ஒன்றே. பெரியவர்களுக்குச் சந்தேகம் வரும். வினைத்தொகையை அப்போதுதான் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எப்படி வரும்?

இதற்கு நம்மிடமே வேறு கருவிகள் உண்டு. ‘நீச்சல்காரன்’ என்பவர் உருவாக்கிய ‘வாணி’ எழுத்துப்பிழையையும் ‘நாவி’ சந்திப்பிழையையும் பார்க்கின்றன. பேராசிரியர் ந. தெய்வசுந்தரம் உருவாக்கிய ‘மென்தமிழ்’ இருக்கிறது. தமிழ் இலக்கணத்தை அறிந்தவர்கள் தமிழுக்கென்றே செய்த கருவிகள் இவை. ல, ள, ழ மயக்கத்துக்கும் ஒற்றுக்கும் முதலில் இவற்றிடம் போவது நல்லது. மொழி மாதிரியிடம் கேட்க வேண்டியது கருத்தைப் பற்றி, ஒழுங்கைப் பற்றி, விட்டுப்போனதைப் பற்றி.

கையெழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் ஏட்டில் கையால் எழுதுகிறார்கள். அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் வந்திருக்கிறது. ஆனால் தமிழ்99 விசைப்பலகையில் கை பழகிய மாணவர்கள் எத்தனை பேர்? ஆகவே ஏட்டைப் படம் பிடித்துக் கொடுக்கிறோம். இயந்திரம் படத்தைப் படிக்கும்போதே பிள்ளை செய்த பிழையைத் தானாகத் திருத்திப் படித்துவிடுவது உண்டு. ‘பள்ளம்’ என்று எழுத நினைத்து ‘பல்லம்’ என்று எழுதியிருந்தாலும் அதற்குப் ‘பள்ளம்’ என்றே தெரியும். பிறகு ‘எழுத்துப்பிழை இல்லை, அருமை’ என்று பாராட்டும். பாராட்டையும் ஆசிரியர் ஒரு முறை ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் நான் இயந்திரத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே மொழி மாதிரியிடம் வேறு விதமாகவும் கேட்டுப் பார்த்தேன். “நீ எதையும் மாற்றி எழுதாதே. பாராட்டாதே. இந்தக் கட்டுரையில் எழுதியவர் நேரில் பார்த்ததைச் சொல்லாமல் விட்ட மூன்று இடங்களைக் காட்டி, இடத்துக்கு ஒரு கேள்வி மட்டும் கேள்” என்றேன். தந்த மூன்று கேள்விகளில் இரண்டு பொதுவானவை. மூன்றாவது இது: “தேர் ஆடி அசைந்து வந்தபோது அதை இழுத்தவர்களின் கைகள் எப்படி இருந்தன?” ஐயா கேட்ட கேள்வி இல்லை. ஆனாலும் ஒரு பிள்ளையை வடத்தின் பக்கம் திரும்பிப் பார்க்க வைக்கும் கேள்வி. மூன்றில் ஒன்று தேறியது; எந்த ஒன்று என்று தேர்ந்தெடுக்க ஒருவர் வேண்டியிருந்தது.

5

ஆகவே நடைமுறைக்கு வருகிறேன். முதல் வரைவைப் பிள்ளைகள் வகுப்பறையில், கையால், எந்த உதவியும் இல்லாமல் எழுதட்டும். அதற்கு மதிப்பெண் வேண்டாம். அந்தக் கட்டுரைக்கு எந்த இரண்டு கூறுகளைக் கவனிக்கப் போகிறோம் என்பதை ஆசிரியர் முன்பே முடிவு செய்து இயந்திரத்துக்குச் சொல்லட்டும். இந்த வாரம் ‘கண்ணால் கண்டது’, ‘பத்தி ஒழுங்கு’ என்றால் அந்த இரண்டு மட்டும்தான். ஒற்றுப்பிழை அடுத்த வாரம். இயந்திரம் கேள்வி கேட்கட்டும், வாக்கியம் தர வேண்டாம். கேள்விகளை ஆசிரியர் ஒரு பார்வை பார்த்துப் பொருந்தாதவற்றை அடித்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுக்கட்டும். ஏட்டுக்குப் பத்து நிமிடம் ஆனது மூன்று நிமிடமாகக் குறைந்தால் 20 மணி நேரம் 6 மணி நேரமாகிறது. மிச்சப்பட்ட நேரத்தை ஆசிரியர் இரண்டாம் வரைவைப் படிக்கக் கொடுக்க வேண்டும். வேறு பதிவேடு எழுத அதை யாரும் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

பிள்ளைக்கும் ஓர் உரிமை வேண்டும்: வந்த கேள்விகளில் ஒன்றை மறுக்கும் உரிமை. ‘இந்தக் கேள்வி என் கட்டுரைக்குப் பொருந்தாது, ஏனென்றால்…’ என்று ஒரு வரி எழுதினால் போதும். கம்மாயை ஏரியாக்க மறுத்து அந்த மாணவி ஒரு வரி எழுதியிருந்தால், கட்டுரை முழுவதிலும் அதுவே சிறந்த வரியாக இருந்திருக்கும்.

பிள்ளையின் பெயர், பள்ளி, குடும்ப விவரம் எதுவும் இயந்திரத்துக்குப் போகக் கூடாது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. கட்டுரையில் பிள்ளைகள் அப்பாவின் கடனை எழுதுவார்கள், அம்மாவின் நோயை எழுதுவார்கள். நம்மை நம்பி எழுதுவது அது. அத்தகைய ஏட்டை ஆசிரியர் மட்டுமே படிக்கட்டும்.

செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் கருவிகளை வைத்துப் பிள்ளைகள் மேல் குற்றம் சாட்டாதீர்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாமே எழுதிய 91 கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் அப்படிப்பட்ட கருவிகளுக்குக் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று அவை சொல்லின. வகுப்பறையில் எழுதிய முதல் வரைவு ஏட்டில் இருக்கும்போது நமக்கு வேறு துப்பு எதற்கு?

நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது சிறிய காரியம். வரும் கல்வியாண்டில் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள். எழுதும் ஒவ்வொன்றையும் இரண்டு முறை எழுத வையுங்கள். தலைமையாசிரியர்கள் இரண்டாம் வரைவுக்கென்று கால அட்டவணையில் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். இயந்திரம் இருக்கும் பள்ளி அதைப் பயன்படுத்தட்டும். இல்லாத பள்ளியில் பக்கத்து இருக்கைப் பிள்ளை கேள்வி கேட்கட்டும். பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் ஏட்டில் ஒரு கட்டுரையை எழுதி முடித்ததும் அடுத்த பக்கத்தை வெறுமையாக விட்டு வையுங்கள்.